செல் சேவர் மக்கர் செய்தால்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

அறுவை சிகிச்சையின்போது சிந்தும் ரத்தத்தை உறிஞ்சி, கழுவி, சிவப்பணுக்களை மட்டும் பிரித்து அதே நோயாளிக்குத் திரும்ப ஏற்றித் தரும் எந்திரத்தை நாம் செல் சேவர் என்கிறோம். அது ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர்தான். ஜெராக்ஸ் மாதிரி, இப்போது எந்த நிறுவனத்தின் எந்திரத்துக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இந்த எந்திரத்தை இயக்கப் புதிதாக வந்திருக்கும் டெக்னீஷியன்களுக்காக இதை எழுதுகிறேன். எந்திரத்தோடு வரும் கையேடு, அலாரம் அடித்தால் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று சொல்லும். அலாரம் அடிக்காமலே நடக்கும் தவறுகளைப் பற்றிப் பெரிதாகப் பேசாது. நோயாளிக்குக் கேடு வருவதோ பெரும்பாலும் அந்தத் தவறுகளால்தான்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். கோளாறு தெரியும் இடமும் அது தொடங்கிய இடமும் அநேகமாக ஒன்றாக இருக்காது. ரத்தம் வரும் வழி இது: சக்‌ஷன் நுனி, அதில் கலக்கும் ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) டிரிப், ரத்தம் சேரும் ரிசர்வாயர், சிவப்பணுவைப் பிரித்துக் கழுவும் சுழலும் பவுல், கழிவுப் பை, கடைசியில் திரும்ப ஏற்றும் பை. எங்கே சிக்கல் தெரிகிறதோ, அங்கிருந்து பின்னோக்கி நடந்து போங்கள். பவுலில் தெரியும் கோளாறுக்குக் காரணம் பாதி நேரம் சக்‌ஷன் நுனியில்தான் இருக்கும்.

இவ்வளவு பாடு எதற்கு, ரத்த வங்கியில் இரண்டு யூனிட் வாங்கினால் போயிற்றே என்று கேட்பவர்கள் உண்டு. பாம்பே குரூப் நோயாளி ஒருவர் உங்கள் தியேட்டருக்கு வரும் வரைதான் அந்தக் கேள்வி. 1952-ல் பெண்டேயும் அவருடைய சகாக்களும் பம்பாயில் கண்டறிந்த வகை அது. ஓ குரூப் ரத்தம்கூட அவர்களுக்குச் சேராது. அப்படிப்பட்டவருக்கு உங்கள் ரிசர்வாயரில் இருக்கும் ரத்தம்தான் உடனே கிடைக்கும் ஒரே ரத்தமாக இருக்கலாம்.

சக்‌ஷன் இழுக்கவில்லை

இது சின்ன விஷயம். ரிசர்வாயரின் மேலுள்ள மூடிகள் எல்லாம் இறுக மூடியிருக்கின்றனவா, வேக்குவம் குழாய் மடிந்திருக்கிறதா, கிளாம்ப் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் இழுக்கவில்லை என்றால் ரிசர்வாயர் நிரம்பிவிட்டது, அல்லது உள்ளே வடிகட்டி அடைத்துவிட்டது. அடைத்திருந்தால் அடுத்த பகுதிக்குப் போங்கள். எதுவாக இருந்தாலும் வேக்குவத்தை ஏற்றிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். அதற்கான விலை என்ன என்பதைக் கழிவுக் குழாய் பற்றிய பகுதியில் சொல்கிறேன்.

ரிசர்வாயரில் ரத்தம் கட்டியாகிவிட்டது

வடிகட்டிக்குள் ரத்தம் தேங்கி நிற்கும், வெளிச்சுற்றில் மட்டம் ஏறாது. அடியில் கறுத்த ஜெல்லி போல ஏதோ அசையும். சரி, இப்போது பின்னோக்கிப் போவோம்.

முதலில் டிரிப் சேம்பர். சொட்டு விழுகிறதா? ரோலர் கிளாம்ப்பைத் திறக்க மறந்தவர்களை எண்ணி மாளாது. அடுத்து ஹெப்பாரின் பாட்டில் காலியா என்று பாருங்கள். பிறகு, முதல் சொட்டு ரத்தம் வருவதற்கு முன்பே 100 முதல் 200 மி.லி. ஹெப்பாரின் கரைசலை ரிசர்வாயருக்குள் ஓட விட்டு வடிகட்டியை நனைத்தீர்களா என்று நினைத்துப் பாருங்கள். காய்ந்த வடிகட்டியில் முதலில் படும் ரத்தம் அங்கேயே உறையும், அடைப்பு அதிலிருந்து வளரும்.

சொட்டு விழுகிறது, ஆனாலும் கட்டியாகிறது என்றால் வேகம் போதவில்லை. 100 மி.லி. ரத்தத்துக்குச் சுமார் 15 மி.லி. கரைசல் வேண்டும். நொடிக்கு ஒரு சொட்டு என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபது சொட்டு ஒரு மி.லி. என்றால், நிமிடத்துக்கு 3 மி.லி. அது நிமிடத்துக்கு 20 மி.லி. ரத்தக் கசிவுக்குத்தான் காணும். பெரிய ரத்தக்குழாய் கிழிந்து நிமிடத்துக்கு 100 மி.லி. வந்தால் 15 மி.லி. கரைசல் தேவை. அப்போது சொட்டு எண்ணிக்கொண்டிருக்க முடியாது, கிட்டத்தட்ட நூலாக ஓட வேண்டும். அதனால் உங்கள் ஒரு கண் எப்போதும் அறுவைக் களத்தில் இருக்கட்டும். டாக்டர் குரலை உயர்த்தினால் உங்கள் கை கிளாம்ப்புக்குப் போக வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் உறைகிறதா? அப்படியானால் பாட்டிலில் நீங்கள் கலந்த மருந்தைச் சந்தேகப்படுங்கள். ஒரு லிட்டர் நார்மல் சலைனில் 30,000 யூனிட் ஹெப்பாரின் என்பதுதான் வழக்கமான அளவு. நம் ஊரில் 5 மி.லி. ஹெப்பாரின் குப்பி இரண்டு வகையில் வருகிறது. ஒன்றில் ஒரு மி.லி.க்கு 5,000 யூனிட், மற்றதில் 1,000 யூனிட். இரண்டும் பார்க்க ஏறத்தாழ ஒன்று போலவே இருக்கும்.

நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், முதுகு வளைவை நிமிர்த்தும் அறுவை ஒன்றில் இதுதான் நடந்தது. ஆறு மி.லி. போட்டேன், கை பழகிய அளவு அது. குப்பி 1,000 யூனிட் வகை. 30,000 இருக்க வேண்டிய பாட்டிலில் 6,000 தான் இருந்தது. அரை மணி நேரத்தில் ரிசர்வாயர் உறைந்துவிட்டது. பதினாறு வயதுப் பெண் பிள்ளையின் ரத்தம் அது. அத்தனையையும் தூக்கிப் போட்டோம், அவளுக்கு ரத்த வங்கி ரத்தம் ஏற்ற வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து குப்பியின் மேல் எழுதியிருப்பதை இரண்டு பேர் வாய்விட்டுப் படிக்காமல் நான் ஊசியில் மருந்து எடுப்பதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ஹெப்பாரினுக்குப் பதில் சிட்ரேட் கரைசலை, அதாவது ஏ.சி.டி.-ஏ பயன்படுத்துகிறீர்கள் என்றால் வேறு ஒன்றையும் கேளுங்கள்: களத்தை எதனால் கழுவுகிறார்கள்? சிட்ரேட், ரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்துவைத்துத்தான் உறைவதைத் தடுக்கிறது. ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட்) திரவத்தில் கால்சியம் உண்டு. அதைக் கொட்டிக் கழுவிவிட்டு அந்த நீரையும் உறிஞ்சினால், நாம் கட்டிய முடிச்சை நாமே அவிழ்த்த மாதிரி.

இனி சரிசெய்வது. சின்னக் கட்டிகள் சில, ரத்தம் இன்னும் வடிகிறது என்றால் டிரிப்பைக் கூட்டிவிட்டுத் தொடரலாம், கட்டியை வடிகட்டி பிடித்துக்கொள்ளும். வடிகட்டி மொத்தமாக அடைத்திருந்தால் புது ரிசர்வாயர் மாட்டி, அதையும் நனைத்துவிட்டுத் தொடங்குங்கள். பழையதைக் குலுக்குவது, தட்டுவது எல்லாம் வேண்டாம்.

இந்தப் போராட்டம் இன்றைக்கு நேற்று தொடங்கியதல்ல. 1880-களில் எடின்பரோவில் ஜான் டங்கன் என்ற அறுவை மருத்துவர், ரயில் விபத்தில் கால் நசுங்கியவரின் காலை அகற்றும்போது வழிந்த ரத்தத்தைச் சேர்த்து, உறையாமல் இருக்க சோடியம் பாஸ்பேட் கலந்து, அவருக்கே திரும்ப ஏற்றினார். எந்திரம் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, இந்த வேலையின் முதல் கவலை ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்வதாகத்தான் இருந்திருக்கிறது.

எவ்வளவு இழுத்தும் பவுல் நிரம்பவில்லை

ரிசர்வாயரில் அரை லிட்டர் இருக்கிறது, பவுல் பாதியில் நிற்கிறது, எந்திரம் கெட்டுவிட்டதா என்று கேட்டு ஓடி வருவார்கள். பெரும்பாலும் எந்திரத்தில் ஒன்றும் இல்லை, சிவப்பணு போதவில்லை.

225 மி.லி. பவுல் நிரம்பும்போது ஹீமட்டோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு, 55 சதவீதம் என்று வையுங்கள். உள்ளே இருப்பது சுமார் 124 மி.லி. சிவப்பணு. களத்திலிருந்து வரும் ரத்தத்தின் ஹீமட்டோக்ரிட் 20 என்றால் அதற்கு 620 மி.லி. வேண்டும். களத்தில் சலைனைத் தாராளமாக ஊற்றி ஹீமட்டோக்ரிட் 10-க்கு இறங்கியிருந்தால் 1,240 மி.லி. வேண்டும். ஆகவே ரிசர்வாயரில் உள்ள அளவை மட்டும் பார்த்துப் பவுலைச் சுழல விடாதீர்கள். நிறத்தையும் பாருங்கள்.

பாதி நிரம்பிய பவுலை அப்படியே கழுவி ஏற்றிவிடலாம் என்ற ஆசை வரும். வேண்டாம். ஹீமட்டோக்ரிட் குறைந்த ரத்தம்தான் வரும், கழுவலும் சரியாக இருக்காது. முன்பு கழுவிய ரத்தம் பையில் இருந்தால், அதிலிருந்து கொஞ்சம் பவுலுக்குத் திருப்பி நிரப்பும் வசதி பல எந்திரங்களில் உண்டு. அது இல்லையென்றால் பவுலில் உள்ளதை ரிசர்வாயருக்கே திருப்பிவிட்டுக் காத்திருங்கள்.

நனைந்த மாப்களை (களத்தில் ரத்தம் ஒற்றும் துணிகளை) மறந்துவிடாதீர்கள். குப்பைக்குப் போகும் மாப்களில் நல்ல ரத்தம் எவ்வளவோ இருக்கிறது. நர்ஸம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி, ஒரு சுத்தமான பேசினில் சலைன் ஊற்றி அதில் அலசச் சொல்லுங்கள். முறுக்கிப் பிழியாமல், மெதுவாக அழுத்தினால் போதும். அந்த நீரைக் கடைசியில் உறிஞ்சிக்கொள்ளலாம். மாப் கணக்குத் தப்பாமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு என்பதால், அவர்கள் சம்மதத்தோடுதான் இதைச் செய்ய வேண்டும்.

கழிவுக் குழாய் சிவப்பாக ஓடுகிறது

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். பார்த்தால் ஒரே சிவப்பு, ஆனால் அதற்குப் பின்னால் இரண்டு முற்றிலும் வேறான கோளாறுகள் இருக்கலாம்.

குழாய்க்குப் பின்னால் அச்சடித்த காகிதம் ஒன்றைப் பிடியுங்கள். எழுத்து தெரியவில்லை, கலங்கலான சிவப்பு என்றால் முழுச் சிவப்பணுக்கள் வழிந்து வெளியே போகின்றன. எழுத்து சிவப்புக் கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோலத் தெரிந்தால் சிவப்பணுக்கள் உடைந்து, ஹீமோகுளோபின் நீரில் கரைந்து போகிறது. சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனைக் குழாயில் கொஞ்சம் பிடித்து வையுங்கள். அணுக்கள் என்றால் அடியில் படியும், உடைந்தது என்றால் படியாது.

வழிவதாக இருந்தால் நோயாளிக்கு ஆபத்து இல்லை, ரத்தம்தான் வீண். பம்ப் வேகத்தைக் குறையுங்கள். பவுல் நிரம்பியதை சென்சார் கவனிக்கவில்லை என்றால் நீங்களே கழுவும் கட்டத்துக்கு மாற்றுங்கள். சென்சாரின் கண்ணாடியில் ரத்தக்கறை இருந்தாலும் இப்படி ஆகும், துடைத்துவிடுங்கள்.

உடைந்திருந்தால் பின்னோக்கிப் போங்கள். வேக்குவம் எவ்வளவு? 150 மி.மீ. பாதரசத்துக்குள் இருக்க வேண்டும். ரத்தம் கொட்டும் நேரத்தில் கொஞ்ச நேரம் கூட்டலாம், நின்றதும் இறக்க வேண்டும். ஏற்றினவர்கள் இறக்க மறப்பதுதான் வழக்கம். அடுத்து சக்‌ஷன் நுனி. ரத்தத்தில் முழுக முங்கி உறிஞ்சினால் அணுக்கள் நல்லபடி வரும். மேற்பரப்பில் வைத்துக் காற்றும் ரத்தமுமாக நுரை பொங்க உறிஞ்சினால் உடையும். நுனி குறுகலாக இருந்தாலும் உடையும். டாக்டரிடம் இதைச் சொல்லத் தயங்காதீர்கள். 'சார், நுனியைக் கொஞ்சம் முக்கிப் பிடிங்க' என்று சொன்னால் கோபித்துக்கொண்ட டாக்டரை நான் பார்த்ததில்லை.

அதற்கும் மேலே போனால், களத்தில் ஊற்றும் திரவம். டிஸ்டில்டு வாட்டர் பட்டால் சிவப்பணு வெடிக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு, பொவிடோன் அயோடின் ஊற்றிய இடத்திலும் நம் சக்‌ஷன் போகக் கூடாது. அவற்றைச் சுவர் சக்‌ஷனில் எடுத்துவிட்டு, சலைன் ஊற்றி அலசிய பிறகுதான் நம்முடையது.

இதற்கெல்லாம் மருந்து கூடுதலாகக் கழுவுவதுதான். 225 மி.லி. பவுலுக்கு ஒரு லிட்டர் சலைன், எலும்பு அறுவைகளில் ஒன்றரை லிட்டர் என்பது வழக்கம். ஆனால் லிட்டர் கணக்கை நம்பி நிறுத்தாதீர்கள், கழிவுக் குழாய் தெளியும் வரை ஓட விடுங்கள். தெளியவே இல்லை என்றால் அந்தப் பவுலை ஏற்றக் கூடாது. கரைந்த ஹீமோகுளோபின் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். ஏற்றிய பிறகு சிறுநீர்ப் பையில் சிவப்பு தெரிந்தால் உடனே அனஸ்தீசியா டாக்டரிடம் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பயங்கரமானது, கழுவும் திரவமே மாறிப்போவது. சலைன் பை, ஸ்டெரைல் வாட்டர் பை, யூராலஜி தியேட்டரிலிருந்து வந்த மூன்று லிட்டர் கிளைசின் பை எல்லாம் ஒரே அலமாரியில் இருக்கும். தவறியும் ஸ்டெரைல் வாட்டரை மாற்றி மாட்டினால் பவுலில் உள்ள அணுக்கள் உடையும். அதை ஏற்றினால் உயிர் போகலாம். கழுவும் பையில் '0.9 சதவீத சோடியம் குளோரைடு' என்று எழுதியிருப்பதை உங்கள் கண்ணால் படித்த பிறகே மாட்டுங்கள்.

காரணமே பிடிபடாமல் அணுக்கள் உடைகின்றனவா? நோயாளிக்கு அரிவாள் அணு (சிவப்பணு அரிவாள்போல வளையும் பரம்பரைக் குறை) இருக்கிறதா என்று கேளுங்கள். ஆக்சிஜன் குறைந்த ரிசர்வாயரில் அந்த அணுக்கள் வளைந்து உடையும். நீலகிரிப் பழங்குடி மக்களிடையே அரிவாள் அணு இருப்பது வெளியானதும், பாம்பே குரூப் கண்டறியப்பட்ட அதே 1952-ல்தான். கூடலூர், கோத்தகிரிப் பக்கமிருந்து வரும் நோயாளிகளுக்கு இந்தச் சோதனை அறுவைக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

பவுலில் சத்தம், அதிர்வு, கசிவு

உடனே நிறுத்துங்கள். பவுல் சரியாக உட்காரவில்லை, அல்லது அதன் சீல் போய்விட்டது. சீல் போன பவுலில் கிருமி புகுந்திருக்கலாம். அந்தப் பவுலையும் அதிலுள்ள ரத்தத்தையும் எறிந்துவிட்டுப் புதியது மாட்டுங்கள். கழிவுப் பை நிரம்பி வழியும் நிலையில் இருந்தாலும் பவுலில் அழுத்தம் ஏறும், அதையும் பார்த்துக் காலி செய்யுங்கள்.

காற்று அலாரம்

நிரப்பும்போது அடித்தால் ரிசர்வாயர் காலி, அவ்வளவுதான். எலும்பு அறுவைகளில் அடிமட்டம் வரை இழுக்கவே விடாதீர்கள். மேலே மிதக்கும் கொழுப்பு கடைசியில்தான் இறங்கி வரும், அது பவுலுக்குள் போக வேண்டாம்.

அலாரம் அடிக்காத காற்றைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பவுலைக் காலி செய்யும்போது கடைசியில் காற்றும் சேர்ந்து திரும்ப ஏற்றும் பைக்குள் போகும். ஆகவே அந்தப் பையில் எப்போதும் காற்று இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ரத்த வங்கிப் பைக்குப் போடுவதுபோல அதற்கு, அழுத்தி வேகமாக இறக்கும் பிரஷர் பேக் போட்டால் காற்று நேராக ரத்தக்குழாய்க்குள் போகும். 1970 வாக்கில் வந்த முதல் தலைமுறை எந்திரங்கள் ரத்தத்தைக் கழுவாமல் பம்ப் வைத்து நேராகவே ஏற்றின. காற்று புகுந்து உயிர்கள் போனதால்தான் அவை வழக்கொழிந்தன. திரும்ப ஏற்றும் பை உயரத்தில் தொங்கித் தன் எடையில் இறங்க வேண்டும். அவசரம் என்று யார் சொன்னாலும் அதற்குப் பிரஷர் பேக் கிடையாது.

வரக் கூடாதது ரிசர்வாயருக்குள் வந்துவிட்டது

குடல் திறந்துவிட்டது, பச்சையாக ஏதோ வந்தது என்றால் சக்‌ஷனை நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள். கழுவினால் கிருமி குறையும், முழுதாகப் போகாது. ஏற்றுவதா வேண்டாமா என்பது டாக்டர்கள் எடுக்க வேண்டிய முடிவு. நம் வேலை, நடந்ததை மறைக்காமல் சொல்வது. ரத்தத்தை உறைய வைக்கும் பஞ்சு, பொடி, பசை போட்ட இடத்திலும், இறுகாத எலும்பு சிமென்ட்டிலும் நம் சக்‌ஷன் போகக் கூடாது.

சிசேரியனில் பனிக்குட நீரை வேறு சக்‌ஷனில் எடுத்துவிட்டு, திரும்ப ஏற்றும்போது வெள்ளணு வடிகட்டி போடுவது பல இடங்களில் வழக்கம். பிரிட்டனில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடத்தி 2017-ல் வெளியான சால்வோ ஆய்வில், இந்த முறை வேறொருவர் ரத்தம் ஏற்றும் தேவையைக் குறைத்ததாக உறுதியாக நிறுவ முடியவில்லை. ரத்த வகையில் தாய் நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ் என்றால் தாயின் உடலில் குழந்தையின் ரத்தம் கூடுதலாகச் சேருவதும் தெரிந்தது. அதனால் அப்படிப்பட்ட தாய்க்குத் திரும்ப ஏற்றினால், லேபர் வார்டுக்குத் தகவல் போக வேண்டும். குறைந்தது 1,500 யூனிட் ஆன்ட்டி-டி ஊசி, அது போதுமா என்று பார்க்கும் ரத்தச் சோதனை, இரண்டும் நடந்தாக வேண்டும்.

ஏற்றத் தொடங்கியதும் பி.பி. இறங்குகிறது

குழாயைக் கிளாம்ப் செய்யுங்கள், அனஸ்தீசியா டாக்டரிடம் சொல்லுங்கள். யோசிப்பது அதற்குப் பிறகுதான். வெள்ளணு வடிகட்டி வழியாக ஏற்றும்போது பி.பி. சட்டென்று விழுந்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. நிறுத்தினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். காற்று போயிருக்கிறதா, கழுவிய திரவம் சரிதானா, பையிலுள்ள பெயர் இவருடையதுதானா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பையை எறியாமல் தனியாக வையுங்கள், சோதனைக்குத் தேவைப்படும்.

நிறைய ஏற்றியும் கசிவு நிற்கவில்லை

எந்திரம் சரியாக வேலை செய்ததால் வரும் கோளாறு இது. நாம் திரும்பக் கொடுப்பது சிவப்பணு மட்டும்தான். உறையச் செய்யும் புரதங்களும் தட்டணுக்களும் கழிவுப் பையோடு போய்விட்டன. ஹீமோகுளோபின் நன்றாக இருக்கும், ஆனால் வெட்டிய இடமெல்லாம் ஊறும். கழுவி ஏற்றியது ஒரு லிட்டரைத் தாண்டும்போதே நான் அனஸ்தீசியா டாக்டரிடம் கணக்குச் சொல்லிவிடுவேன். பிளாஸ்மா, தட்டணு, ஃபைப்ரினோஜன் தேவையா என்று அவர் சோதித்துப் பார்க்க அவகாசம் கிடைக்கும். ஒழுங்காகக் கழுவினால் ஹெப்பாரின் 95 சதவீதத்துக்கு மேல் போய்விடும், அதனால் உடனே ஹெப்பாரின் மேல் பழி போட வேண்டாம். ஆனால் அவசரத்தில் கழுவலைக் குறைத்திருந்தால் அதை ஒளிக்காமல் சொல்லுங்கள். ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஏ.சி.டி. (ACT) சோதனை பார்ப்பார்கள், இது சிட்ரேட் கரைசலின் பெயர் அல்ல. சிட்ரேட் போட்டிருந்தால் கால்சியமும் பார்ப்பார்கள்.

பையில் பெயர் இல்லை, நேரம் இல்லை

நோயாளி பக்கத்திலேயே படுத்திருக்கிறார், அவர் ரத்தம்தானே, லேபிள் எதற்கு என்பார்கள். இரண்டு தியேட்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் நாளில், ரெக்கவரி அறையில் இரண்டு பைகள் ஒரே கம்பியில் தொங்குவதை நான் பார்த்திருக்கிறேன். பெயர், நோயாளி எண், கழுவி முடித்த நேரம், காலாவதி நேரம், 'இவருக்கு மட்டும்' என்ற குறிப்பு, இத்தனையும் பையிலேயே எழுதி ஒட்டுங்கள்.

கழுவி முடித்ததிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் ஏற்றி முடிக்க வேண்டும். மூட்டு மாற்று அறுவைக்குப் பிறகு காயத்திலிருந்து வடியும் டிரெயின் குழாயில் சேரும் ரத்தத்தை ஏற்றுவதாக இருந்தால், சேரத் தொடங்கியதிலிருந்து ஆறு மணி நேரம். வார்டுக்குப் போகும் பையோடு இந்த நேரத்தை வாயாலும் சொல்லி, சிஸ்டரிடம் கையெழுத்து வாங்குங்கள். நேரம் தாண்டிய பை வார்டு ஃப்ரிட்ஜில் போய் உட்கார்ந்துவிடாமல், மறுநாள் காலை டியூட்டிக்கு வருகிறவர் எடுத்து மாட்டிவிடாமல் இருக்க, அதை நீங்களே வாங்கி வந்து கழிவில் போட்டுவிட்டுப் பதிவேட்டில் எழுதுங்கள்.